காருக்குத் தேங்காய் எண்ணெய்

என் வீட்டுக்காரர் உத்தமன் உட்காருகிற கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் என் கதை வந்துவிடும். "எங்க வீட்ல இவங்க காருக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டது தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பிப்பார். பக்கத்து இலைக்காரர் சிரிக்கத் தயாராவார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, முதல் தடவை கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் ஜனங்கள் சிரிக்கிற இடத்தோடு நிறுத்திவிடுவார். அதற்கப்புறமும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் வனஜா. பிறந்தது ஆம்பூர், வாழ்க்கைப்பட்டது பெங்களூர் ஆடுகோடி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகம் பார்த்தேன். நிர்வாகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேனா ஏன் தீர்ந்துபோனது, ஏசி ஏன் ஓடவில்லை, என் கப்பில் யார் காபி குடித்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற உத்தியோகம். வீட்டில் எனக்கு வேறு பெயர் உண்டு, வாஷிங் டிபார்ட்மென்ட். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவேன். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், பொட்டலம் கட்டி வந்த ரப்பர் பாண்ட், எதையும் விடமாட்டேன். கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று ஒரு பொருளைப் பற்றி யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிடும்.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் மேனேஜர் சீனிவாசராகவன் குடும்பத்தோடு அமெரிக்கா கிளம்பினார். தன் பழைய மாருதி 800-ஐ யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று ஆபீஸில் விசாரித்தார். நான் சும்மா பார்க்கத்தான் போனேன். அவர் பானெட்டைத் திறந்து, ஒரு வட்ட மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து வளையம் போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். பாவாடைக் கொசுவம் மாதிரி அதில் சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருந்தது.

"இது ஏர் ஃபில்டர் வனஜா. எஞ்சினுக்குப் போற காத்துல தூசி இல்லாம பார்த்துக்கும். மத்த கார்லல்லாம் காகிதத்துல இருக்கும், அழுக்கானா தூக்கிப் போடணும். இது பருத்தித் துணி. கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டிக்கலாம். ஆயுசுக்கும் வரும்" என்றார்.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். நான் கார் வாங்கவில்லை, ஃபில்டர் வாங்கினேன், அதற்கு ஒரு கார் இலவசமாக வந்தது என்று உத்தமன் சொல்லுவார். அதிலும் பொய் கிடையாது.

ஆனால் கார் வேண்டும் என்ற ஆசை அதற்கு வெகு முன்னாலேயே இருந்தது. எனக்கு அண்ணன் ஒருவர். பழனிச்சாமி. ஆம்பூரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவரும் அவர்தான், அடக்கியவரும் அவர்தான். பள்ளிக்கூடம் போக சைக்கிள் கேட்டேன். "போகாதே" என்றார். வாடகைச் சைக்கிளில் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டு, நேராக அவர் கடை வாசல் சாக்கடையிலேயே போய் விழுந்தேன். எண்ணெய் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு எங்கே போகக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். எதிர்த்த வீட்டு மாடியிலேயே நடந்ததால் டைப்ரைட்டிங் கிளாஸுக்கு மட்டும் தப்பித்தேன். அந்த டைப்ரைட்டிங்தான் பிறகு எனக்குச் சோறு போட்டது.

அந்தத் தெருவில், அந்தச் சாக்கடையைத் தாண்டி, ஸ்டியரிங்கை நானே பிடித்துக்கொண்டு போய் இறங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் ஆசை போய்விடுமா.

ஒரு வருஷம் 'எல்' போர்டோடு ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் வந்த பிறகும் போர்டைக் கழற்றவில்லை, அதைப் பார்த்தால் லாரிக்காரர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். அடுத்த பொங்கலுக்குக் காரில் வருகிறோம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "மாப்ள கார் ஓட்டக் கத்துக்கினாரா? பரவால்லயே" என்றார் அவர். நான் திருத்தவில்லை. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகப் போகிற வண்டியாயிற்றே என்று ஃபில்டரைக் கழற்றினேன். ஓசூர் ரோட்டில் எந்நேரமும் எதையாவது தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. வளையம் கருங்கல் நிறத்தில் இருந்தது. சீனிவாசராகவன் காரோடு கொடுத்த செய்முறைக் காகிதத்தைப் படித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அழுக்கு வந்த வழியாகவே வெளியே போகும்படி உள்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டேன். கரி கரியாக இறங்கியது. ஒரு வாஷிங் டிபார்ட்மென்டுக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்க முடியும்.

மொட்டை மாடியில் காயவைத்தேன். மேல் வீட்டில் இருந்த ஓனரம்மா லட்சுமம்மா அங்கே சண்டிகே, நம் வடகம்தான், காயவைத்திருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசும்போது தமிழையும் கலந்துகொள்வார்.

"ஏனிது வனஜம்மா? குடத்துக்கு வைக்கிற சும்மாடா?"

"கார் ஃபில்டர்ம்மா. கழுவிப் போட்டிருக்கேன். காஞ்சதும் எண்ணெய் வைக்கணும்."

"ஐயோ ராமா. ஸ்நானம் ஆன மேலே எண்ணெய் ஹச்சுவாங்களா யாராவது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுதான் உலக வழக்கம். இருந்தாலும் காகிதம் காரணம் சொல்லியிருந்தது. எண்ணெயில்தான் தூசி ஒட்டுமாம். எண்ணெயைத் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். இந்த வளையத்துக்கு அது ஆகாது, வருகிற மண்ணெல்லாம் ஒட்ட வேண்டும்.

ஃபில்டருக்கென்று காரோடு கூட வந்த சிவப்பு எண்ணெய் பாட்டிலில் அடிமண்டி மட்டும் இருந்தது. ஜே.சி. ரோட்டில் கடை கடையாகக் கேட்டேன். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் எடுத்துக் காட்டினார்கள், இது மட்டும் இல்லை. பேசாமல் காகித ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு. கழுவ முடியாததை நான் எப்படி வாங்குவேன்? வீட்டுக்கு வந்து யோசித்தேன். பருத்தித் துணி. அதற்கு வேண்டியது நல்ல சுத்தமான எண்ணெய். என் வீட்டில் இருப்பதிலேயே சுத்தமானது, அண்ணன் தன் கையால் டின்னில் அடைத்து அனுப்பும் செக்குத் தேங்காய் எண்ணெய். அதற்கு மிஞ்சிய எண்ணெய் எந்த நாட்டில் இருக்கிறது?

மடிப்புக்கு ஒரு மெல்லிய கோடு போதும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. கழுவிக் காய்ந்த வளையம் பரட்டைத் தலைப் பிள்ளை மாதிரி இருந்தது. பார்க்க மனசு கேட்கவில்லை. கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு மடிப்பிலும் வழியும்வரை வைத்தேன். மத்தியான வெயிலில் மாட்டிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்தேன். வண்டி கொஞ்சம் மந்தமாக இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டால் யாருக்கும் மந்தம் வரும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஆபீஸ் கிளம்பினேன். பெங்களூர் டிசம்பர் குளிரைப் பற்றிப் பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆனது, இருமியது, பின்னால் கரும்புகையாகக் கக்கியது, தெருமுனையில் உயிரை விட்டது. முதல் ஷிஃப்டுக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த உத்தமன் நிறுத்திப் பார்த்தார். அவருக்குக் கார் என்றால் பயம். இறங்கி வந்து, தூரத்தில் நின்றபடியே, "தள்ளணுமா?" என்று கேட்டார். ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு பஸ் படியில் தொங்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்து சாவியைத் திருப்பினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மறுநாள் காலை அதே இருமல். அதற்கு மறுநாளும். வெயில் ஏறிவிட்டால் வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

ஆடுகோடியிலேயே கேரேஜ் வைத்திருந்த டொமினிக்கிடம் போனேன். அவர் மாதா கோயிலுக்குப் போய், டிபன் சாப்பிட்டு, கடையைத் திறக்கும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். அரை நாள் லீவு போட்டு வண்டியைக் கொண்டுபோனால் அது அவர் முன்னால் பட்டத்துக் குதிரையாக நிற்கும்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம். நீங்க சோக்கை ரொம்ப இழுக்கறீங்க போல."

அடுத்த தடவை பிளக்கை மாற்றினார். அதற்கடுத்த தடவை பெட்ரோலில் கலப்படம் என்றார். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டினார். ஒருநாள் ஃபில்டர் மூடியையும் திறந்தார். உள்ளே எண்ணெய் பளபளத்தது. "ஃபாரின் ஐட்டம். நல்லா மெயின்டைன் பண்றீங்க" என்று மூடிவிட்டார். மூடும் முன்பு மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் திரும்பி, என் பின்னலைப் பார்த்து, மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டார். வாசனை என் தலையிலிருந்து வருகிறது என்று நினைத்தார் பாவம். நானும் அப்படித்தான் நினைத்து, அன்றிலிருந்து எண்ணெய் வைப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த தெரு முனிராஜுக்கு டூரிஸ்ட் கார் தொழில். என் வண்டி மக்கர் செய்கிறது என்று கேள்விப்பட்டு, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி வந்து விசாரித்தார். சனிக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்த்தார். வண்டி அவருக்குத் தேனாக ஓடியது. "இந்த வண்டியை எனக்குக் குடுத்துருங்க சார்" என்று உத்தமனிடம் வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஒரே சந்தேகம். காலையில் எனக்கு ஓடாத வண்டி மத்தியானம் இவருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது? இந்த ஆள்தான் ஏதோ செய்கிறார் என்று முடிவுகட்டினேன். பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். முனிராஜ் நல்ல மனுஷர். உடைத்த பூசணியில் பைக் சறுக்கி முதலில் விழுந்தவரும் அவர்தான்.

பொங்கல் நெருங்கியது. உத்தமன் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் கிடையாது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "வனஜா, ஊருக்கு பஸ்லயே போயிடலாம். நடு வழியில நின்னா என்ன பண்றது? வந்ததும் முனிராஜ்கிட்ட குடுத்துடலாம். தினமும் நீ ரோட்ல நிக்கறதைப் பார்க்க எனக்கு நல்லா இல்ல."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் அழுகை வந்தது. மறுபடியும் மஞ்சப்பையோடு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அண்ணன் கடைவரை நடந்து, "கார் எங்கம்மா?" என்று அவர் கேட்பதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சாக்கடை அங்கேயேதான் இருக்கும்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். காலையில் எண்ணெய்க் குளியலுக்காக ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தேன். கட்டியாக உறைந்திருந்தது. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. மார்கழியில் பெங்களூரில் எந்த வீட்டிலும் இப்படித்தான். வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுபோய், கார் பானெட்டின்மேல் வைத்தேன். "வெயில் ஏறட்டும், சரியாயிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டடி நடந்ததும் கால் நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை ஒரு மாதமாக இந்தக் காரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். பாட்டில் உருண்டு விழுந்ததையும் கவனிக்கவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே வளையத்தைக் காணோம். தேங்காய் பர்ஃபி ஒன்று வட்டமாக உட்கார்ந்திருந்தது. மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெளேரென்று உறைந்து, ஊசி முனை அளவுகூட வழி இல்லை. காற்று எங்கிருந்து போகும்? மூக்கில் துணியை அடைத்துவிட்டு ஓடு ஓடு என்றால் எது ஓடும்? அண்ணன் எண்ணெய் அண்ணனுடைய வேலையைச் சரியாகச் செய்திருந்தது. போகாதே என்று தினமும் காலையில் சொல்லியிருக்கிறது.

டொமினிக்கையும் பெட்ரோல் பங்க்கையும் முனிராஜையும் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கேயே தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். மாடியிலிருந்து பார்த்த லட்சுமம்மா பயந்துபோய்க் கீழே இறங்கி வந்தார்.

ஷிஃப்ட் முடிந்து உத்தமன் வந்தபோது பாத்ரூமில் இருந்தேன். வளையத்தை வெந்நீரில் போட்டுச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மோந்து பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காருக்கு இன்னிக்குத் தலைக்கு ஊத்தறியா?" என்று கேட்டுவிட்டு, ஈரத்தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தார். கல்யாணப் பந்திக் கதை இந்த இடத்தில் முடியும்.

மறுநாள் டொமினிக்கிடம் போய் சாதாரணக் காகித ஃபில்டரையே மாட்டிக்கொண்டேன். சீயக்காய்த் தூள் முழுக்கப் போன பிறகு, சீனிவாசராகவன் அமெரிக்காவிலிருந்து அந்தச் சிவப்பு எண்ணெயை அனுப்பி, பழைய வளையம் திரும்பவும் ஏறியது வேறு விஷயம். மடிப்புக்கு ஒரு கோடு, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. வண்டி சரியானதற்குத் தான் மாற்றிய பிளக்தான் காரணம் என்று டொமினிக் கடைசிவரை நம்பினார். நான் மறுக்கவில்லை.

போகி அன்று விடியற்காலை ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. லட்சுமம்மா எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லா பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தார். உத்தமன் பின் சீட்டில், மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி. ஆம்பூர் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. நானும் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. மாட்டு வண்டிகூட எங்களை முந்தியது என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லுவார். அது மட்டும் பொய். அது டிராக்டர்.

தெருவுக்குள் திரும்பினேன். சாக்கடைக்கு இப்போது மூடி போட்டிருந்தார்கள். அண்ணன் கடை வாசலில் நின்றிருந்தார். கார் நின்றதும் நேராகப் பின் கதவுக்குப் போய்த் திறந்தார்.

"வாங்க மாப்ள. டிரைவர் வச்சிட்டீங்களா?"

"டிரைவர் உங்க தங்கச்சிதான் மச்சான்" என்றார் உத்தமன்.

அண்ணன் முன்னால் குனிந்து பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உள்ள வாங்க, டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக மனசுக்குள் இந்த நிமிஷத்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, என் கதவை நானே திறந்து இறங்கினேன்.

பொங்கல் சாப்பாட்டில், அண்ணி சாந்தகுமாரி சாம்பார் ஊற்றும்போது, உத்தமன் கதையை எடுத்துவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெட்டியா உறைஞ்சிருந்துதா?" என்று என்னைக் கேட்டார்.

"பர்ஃபி மாதிரிண்ணா."

"பார்த்தியா" என்று அண்ணி பக்கம் திரும்பினார். "நம்ம எண்ணெய். கலப்படம் இருந்தா இப்படி உறையுமா? காரே நின்னு போச்சு." அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். என் முட்டாள்தனம் அவர் கடைக்கு விளம்பரமாகிவிட்டது.

"ஆனா, மெக்கானிக் ஒரு மாசம் தேடிக் கிடைக்கலை மச்சான். கண்டுபிடிச்சது இவதான்" என்றார் உத்தமன். பந்தியில் இதை அவர் சொல்வதே இல்லை. அண்ணன் மோருக்குக் கை நீட்டினார்.

காணும் பொங்கல் முடிந்து கிளம்பினோம். வழக்கமான சீர், அரிசி, வெல்லம், கரும்பு, சேலை எல்லாம் டிக்கியில் ஏறியது. கடைசியாக ஒரு எண்ணெய் டின். "வண்டிக்கு இல்ல, தலைக்கு" என்றார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு சட்டைப் பையில் கையை விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"மெதுவாப் போ, வனஜா."

அந்த வாயிலிருந்து எனக்கு 'போ' என்று ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரோடு தெரியவில்லை, கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. தெருவில் நாலு பேர் சிரித்தார்கள்.

"எண்ணெய் உறைஞ்சிடுச்சா?" என்றார் பின்னாலிருந்து உத்தமன்.

"சும்மா இருங்க மாப்ள" என்றார் அண்ணன். "அது எடுக்கும்."

எடுத்தேன். நாலு பழமும் நசுங்குகிற சத்தம் கேட்டது.